கறுப்புச் சதுரத்திலிருந்து சீட்டித் துணி வரை

நண்பர்களே, முதலாண்டு டிராயிங் ஹாலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஷீட்டைப் போர்டில் மாட்டி, மினி டிராஃப்டரைத் திருகி, பார்டர் போட்டு, டைட்டில் பிளாக் போட்டு நிமிர்ந்தால் முதல் கணக்கே சதுரமும் வட்டமும் முக்கோணமும்தான். "இதைப் போய் மூணு மணி நேரமா வரையணுமா?" என்று அலுத்துக்கொண்டவர்கள்தான் நாம் எல்லோரும். அதே சதுரத்தையும் வட்டத்தையும் முக்கோணத்தையும் வைத்துக்கொண்டு உலகத்தையே மாற்றிவிடலாம் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் ஒரு கூட்டம் கிளம்பியது. அவர்கள் இன்ஜினியர்கள் அல்ல, ஓவியர்கள். அவர்கள் வரைந்ததை அரூப ஓவியம் என்கிறார்கள். மனிதர் இல்லை, மரம் இல்லை, மாடு இல்லை. வெறும் கோடும் கட்டமும் நிறமும்தான்.

"இதுல என்ன சார் இருக்கு? இதை எங்க வீட்டுச் சின்னப் பையனே போடுவான்" என்று சொல்வது சுலபம். அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டால் ஒரு பெரிய கதை நம் கையை விட்டுப் போய்விடும். ஏனென்றால் இந்த ஓவியர்களில் பலர் சில வருடங்களிலேயே தூரிகையைக் கீழே வைத்துவிட்டு நேராக வந்து நின்ற இடம் எது தெரியுமா? ஒர்க் ஷாப்! தச்சுப் பட்டறை, உலோகப் பட்டறை, துணி மில். அதனால்தான் கலைக் கல்லூரி மலரில் வர வேண்டிய விஷயத்தை நம் பாலிடெக்னிக் மலரில் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கறுப்புச் சதுரம்

1915 டிசம்பரில் ரஷ்யத் தலைநகர் பெத்ரோகிராதில் ஓர் ஓவியக் கண்காட்சி. அதில் கசிமிர் மாலெவிச் என்பவர் ஒரு படம் வைத்தார். பக்கம் சுமார் 80 சென்டிமீட்டர் உள்ள வெள்ளைப் பரப்பில் ஒரே ஒரு கறுப்புச் சதுரம். அவ்வளவுதான். அதையும் சுவரின் நடுவில் மாட்டவில்லை. இரண்டு சுவர்கள் சேரும் மூலையில், கூரைக்குப் பக்கத்தில் மாட்டினார். ரஷ்ய வீடுகளில் அந்த மூலை சாமி படம் வைக்கும் இடம். நம் வீட்டுப் பூஜை மாடத்தில் ஒருவன் வெறும் கறுப்புக் கட்டத்தைக் கொண்டுபோய் வைத்தால் பாட்டி என்ன சொல்வார்? அதே அதிர்ச்சிதான் அங்கேயும்.

(இன்னொரு ரகசியம்: உற்றுப் பார்த்தால் அது சரியான சதுரமே இல்லை. எந்தப் பக்கமும் சட்டத்துக்கு இணையாக ஓடவில்லை. நம் டிராயிங் சார் பார்த்தால் ஷீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.)

ஏன் இப்படிச் செய்தார்? அதுவரை ஓவியம் என்றால் என்ன? ராஜாவின் முகம், சீமாட்டியின் பட்டுப் பாவாடை, போரில் ஜெயித்த தளபதியின் குதிரை. பணம் உள்ளவன் தன்னையும் தன் சொத்தையும் வரையச் சொல்வான், ஓவியன் வரைந்து கொடுப்பான். 1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. அந்த ராஜாக்களும் தளபதிகளும் சேர்ந்து லட்சம் லட்சமாக இளைஞர்களைப் பதுங்கு குழியில் சாகடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பழைய உலகத்தின் படங்களை இனியும் வரைய வேண்டுமா என்ற கேள்வி பலருக்கு எழுந்தது. சதுரத்துக்கு நாடு கிடையாது. வட்டத்துக்கு ஜாதி, மதம் கிடையாது. சிவப்பு நிறம் ஜமீன்தாருக்கும் கூலிக்காரனுக்கும் ஒன்றுதான். எல்லோருக்கும் பொதுவான ஒரு காட்சி மொழியை அடியிலிருந்து கட்டிவிடலாம் என்பதுதான் அவர்கள் ஆசை. ஒருவர் இதை ஆன்மிகமாகச் சொன்னார், இன்னொருவர் அரசியலாகச் சொன்னார். ஆசை ஒன்றுதான்.

ஆன்மிகம் என்றதும் ஒரு சின்ன விலகல். நம் அடையாறுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் உண்டு என்றால் நம்புவீர்களா? பிரம்மஞான சபை 1882-லிருந்து தன் தலைமையகத்தை அடையாறில்தான் வைத்திருக்கிறது. அந்தச் சபையின் ஹாலந்து கிளையில் 1909-ல் உறுப்பினராகச் சேர்ந்தவர் பீட் மோண்ட்ரியான். பின்னாளில் நேர்கோடும் சிவப்பு நீலம் மஞ்சளும் மட்டும் போதும் என்று சொன்ன அதே மோண்ட்ரியான். ரஷ்யாவில் பிறந்து ஜெர்மனியில் வரைந்த கண்டின்ஸ்கி, கலையில் உள்ள ஆன்மிகம் பற்றி 1911-ல் எழுதி வெளியிட்ட புத்தகத்தில் பிளாவட்ஸ்கி அம்மையாரையும் அவருடைய சபையையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார். கண்ணுக்குத் தெரியும் உருவத்துக்குப் பின்னால் ஓர் உண்மை இருக்கிறது, எல்லா மதமும் கடைசியில் ஒன்றுதான் என்ற பேச்சு இவர்களை ஈர்த்திருக்கிறது. அதற்காக அரூப ஓவியமே இங்கிருந்து போனதுதான் என்று மார்தட்ட வேண்டாம். ஒரு சிறு ஓடை இங்கிருந்தும் போய்க் கலந்தது, அவ்வளவுதான்.

கட்டப்படாத கோபுரம்

மறுபடியும் பெத்ரோகிராதுக்கு வருவோம். மாலெவிச் கறுப்புச் சதுரத்தை மாட்டிய அதே கண்காட்சியில் இன்னொருவரும் இருந்தார். பெயர் விளாதிமிர் தாத்லின். இளவயதில் கப்பலில் மாலுமியாக வேலை பார்த்தவர். இவர் மூலையில் மாட்டியது ஓவியமே அல்ல. தகரம், மரம், கயிறு, கம்பி எல்லாவற்றையும் இழுத்துக் கட்டிய ஒரு பொருள். மாலெவிச்சுக்கு உருவம் முக்கியம், தாத்லினுக்குப் பொருள் முக்கியம். தகரம் தகரமாகவே இருக்கட்டும், அதன் இயல்பு என்னவோ அதிலிருந்து வடிவம் வரட்டும் என்றார். நாம் 'மெட்டீரியல் பிராபர்ட்டி' என்று மனப்பாடம் செய்கிறோமே, அதையே அவர் கலையாக நினைத்தார். இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது.

1917-ல் புரட்சி வந்தது. பழைய உலகம் போயே போய்விட்டது, இனி புது உலகத்தைக் கட்ட வேண்டியதுதான் பாக்கி என்று இந்த ஓவியர்கள் துள்ளிக் குதித்தார்கள். தாத்லின் ஒரு கோபுரம் கட்டத் திட்டம் போட்டார். உயரம் 400 மீட்டர். பாரிஸின் ஈஃபில் கோபுரத்தை விட 100 மீட்டர் அளவுக்கு அதிகம். இரும்பில் இரண்டு சுருள்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு சாய்வாக மேலே ஏறும். உள்ளே கண்ணாடியால் ஆன பெரிய பெரிய கூடங்கள் தொங்கும். அடியில் உள்ள கனசதுரம் வருடத்துக்கு ஒரு சுற்று சுற்றும், அதில் சட்டமன்றம். அதற்கு மேல் பிரமிடு, மாதத்துக்கு ஒரு சுற்று, அதில் நிர்வாகம். அதற்கும் மேல் உருளை, நாளுக்கு ஒரு சுற்று, அதில் செய்தி நிலையம். அரசாங்கம் கண்ணாடிக்குள் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும், எல்லோரும் பார்க்க வேண்டும், அதுவும் ஓரிடத்தில் நிலைத்து உட்காரக் கூடாது, சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்! எவ்வளவு அழகான கற்பனை.

1920 நவம்பரில் இதன் மர மாதிரியைக் காட்சிக்கு வைத்தார்கள். மெக்கானிக்கல் நண்பர்கள் கேட்கலாம்: "அவ்வளவு எடையைச் சுத்த வைக்க பேரிங் எங்கே, மோட்டார் எங்கே?" நியாயமான கேள்வி. டிராட்ஸ்கி அதைவிட எளிமையாகக் கேட்டார். கூட்டம் நடத்த உருளை எதற்கு, அந்த உருளை சுற்றுவது எதற்கு என்று. அந்த நாட்டில் அப்போது உள்நாட்டுப் போர். இரும்பு இல்லை, ரொட்டி இல்லை, குளிருக்கு எரிக்க விறகு இல்லாமல் மேஜை நாற்காலியை உடைத்து அடுப்பில் போட்டார்கள். கோபுரம் கட்டப்படவே இல்லை.

உலகம் முழுவதும் கலை வரலாற்றுப் புத்தகங்களில் தாத்லின் என்றால் அந்தக் கோபுரத்தின் படம்தான் வரும். எனக்கு என்னவோ அவர் அதற்குப் பின்னால் செய்ததுதான் பெரிதாகத் தெரிகிறது. 1923, 24 வாக்கில் அவர் உட்கார்ந்து ஓர் அடுப்பு வடிவமைத்தார். குறைந்த விறகில் அதிக வெப்பம் தர வேண்டும் என்பது கணக்கு. தொழிலாளிக்கு ஒரு கோட்டு வடிவமைத்தார், குளிருக்குத் தகுந்தபடி உள் துணியைச் சேர்க்கலாம், கழற்றலாம். 400 மீட்டரிலிருந்து அடுப்புக்கு இறங்கி வந்த மனிதர்!

கடைசிப் படம்

1921 செப்டம்பரில் மாஸ்கோவில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். ஆளுக்கு ஐந்து படம், அதனால் பெயரே "ஐந்தைந்து இருபத்தைந்து". அதில் அலெக்சாந்தர் ரோத்சென்கோ மூன்று படங்கள் மாட்டினார். ஒன்று முழுக்கச் சிவப்பு, ஒன்று முழுக்க மஞ்சள், ஒன்று முழுக்க நீலம். கோடு கூட இல்லை. ஓவியம் இதோடு முடிந்தது என்று அறிவித்துவிட்டார். அந்த வருடக் கடைசியில் அவரும் அவருடைய நண்பர்களும் சட்டத்துக்குள் படம் வரைவதை விட்டுவிட்டுத் தொழில் உற்பத்திக்குப் போகிறோம் என்று முடிவெடுத்தார்கள். தங்களைக் கட்டுமானவாதிகள் என்று அழைத்துக்கொண்டார்கள்.

அவர்கள் பாடம் நடத்திய இடம் மாஸ்கோவில் 1920-ல் லெனின் கையெழுத்திட்ட ஆணையால் உருவான விகுதெமாஸ் என்ற கல்லூரி. ஓவியம், சிற்பம், கட்டடக்கலை மட்டுமல்ல, அச்சு, நெசவு, மண்பாண்டம், மரவேலை, உலோகவேலை எல்லாம் ஒரே கூரையின் கீழே. தொழிற்சாலைக்கு வேண்டிய கலைஞர்களை உருவாக்குவதுதான் நோக்கம். ரோத்சென்கோ அங்கே உலோகவேலைப் பிரிவில் ஆசிரியர். மடக்கி வைக்கும் கட்டில், தேவைக்கு நீளும் மேஜை என்று மாணவர்களை வைத்துச் செய்ய வைத்தார். மாஸ்கோவில் வீட்டுக்கு ஒரு அறை கிடைப்பதே அபூர்வம். இடத்தை மிச்சம் பிடிக்காத பொருள் யாருக்கு வேண்டும்?

(இதில் ஒரு வேடிக்கை. 1921-ல் லெனின் அந்தக் கல்லூரி மாணவர் விடுதிக்கு ஒரு நாள் இரவு வந்திருக்கிறார். பையன்கள் புதுக் கலை பற்றி உற்சாகமாகப் பேச, அவரோ தனக்குப் புஷ்கின்தான் பிடிக்கும் என்று சொல்லிவிட்டுச் சிரித்திருக்கிறார். கல்லூரிக்குக் கையெழுத்துப் போட்டவருக்கே அந்தக் கலை பிடிக்கவில்லை!)

மில்லுக்குப் போன இரண்டு பெண்கள்

"தொழிற்சாலைக்குப் போகிறோம்" என்று முழங்கியவர்கள் பலர். உண்மையிலேயே போய் வேலை செய்தவர்கள் மிகச் சிலர். அவர்களில் முக்கியமானவர்கள் இரண்டு பெண்கள், லியுபோவ் போப்போவா, வர்வாரா ஸ்தெபானோவா. டெக்ஸ்டைல் பிரிவு நண்பர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும்.

போப்போவா 1889-ல் பிறந்தவர். பணக்காரத் துணி வியாபாரி வீட்டுப் பெண், பாரிஸுக்குப் போய் ஓவியம் படித்தவர். ஸ்தெபானோவா, ரோத்சென்கோவின் மனைவி. 1923-ல் இவர்கள் இருவரும் மாஸ்கோவில் முதலாம் அரசுத் துணி அச்சு ஆலையில் சேர்ந்தார்கள். புரட்சிக்கு முன் அது எமில் சிண்டல் என்ற முதலாளியின் பெயரில் இருந்த மில். பருத்தித் துணியில் ரோலர் வைத்துப் பூப்பூவாக அச்சடிக்கும் சீட்டி மில். புது டிசைன் என்று எதையும் யோசிப்பது வழக்கமில்லை. பாரிஸிலிருந்து வருவதைப் பார்த்துப் போடுவது, அல்லது பாட்டி காலத்துப் பூவையே மறுபடி மறுபடி போடுவது.

இவர்கள் என்ன செய்தார்கள்? காம்பஸையும் ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வட்டம், பட்டை, முக்கோணம், பட்டைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் வட்டம். ஒன்றிரண்டு நிறம்தான். ஆனால் அடுக்கும் விதத்தில் கண் கூசும், துணி அசைகிற மாதிரி இருக்கும். ரோலர் ஒரு சுற்றுச் சுற்றினால் டிசைன் முதலிலிருந்து தொடங்க வேண்டும், சேருமிடத்தில் விரிசல் தெரியக் கூடாது. சட்டத்துக்குள் வரையும் ஓவியனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவன் படம் ஓரத்தில் முடிந்துவிடும். துணியின் படத்துக்கு ஓரமே இல்லை, அது கெஜம் கெஜமாக ஓடிக்கொண்டே இருக்கும்.

டிசைன் போட்டுக் கொடுத்ததோடு நின்றிருந்தால் இவர்களைப் பற்றி இவ்வளவு எழுத மாட்டேன். மில் நிர்வாகத்துக்கு ஒரு கோரிக்கை மனு கொடுத்தார்கள். அதில் இருந்ததைக் கேளுங்கள்: உற்பத்தித் திட்டம் போடும் கூட்டத்தில் எங்களையும் ஓட்டுரிமையோடு சேர்க்க வேண்டும், சாயப் பரிசோதனைக் கூடத்துக்குள் எங்களை விட வேண்டும், தையற்கூடங்களோடும் பத்திரிகைகளோடும் எங்களுக்குத் தொடர்பு வேண்டும். அதாவது, "மேலே ரூமில் உட்கார்ந்து படம் போட்டுக் கீழே அனுப்பும் ஆளாக எங்களை வைக்காதே. சாயம் எப்படிப் பிடிக்கிறது என்று தெரியாமல் டிசைன் போட முடியாது. துணி கடைசியில் சட்டையாகிறதா பாவாடையாகிறதா என்று தெரியாமலும் போட முடியாது." இன்றைக்கும் எத்தனை கம்பெனியில் டிசைன் செய்கிறவனுக்கும் ஷாப் ஃப்ளோரில் நிற்கிறவனுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது! ஸ்தெபானோவா பின்னால் விகுதெமாஸில் நெசவுப் பிரிவில் பாடம் நடத்தியபோது, தெருவில் ஜனங்கள் என்ன உடுத்துகிறார்கள் என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்து வரச் சொல்லி மாணவர்களுக்கு வேலை கொடுத்திருக்கிறார்.

ஸ்தெபானோவா சுமார் 150 டிசைன்கள் போட்டதாகவும் இரண்டு டஜன் அளவுக்குத்தான் அச்சுக்குப் போனதாகவும் சொல்கிறார்கள். இருந்தாலும் அந்தத் துணி கடைக்கு வந்தது, விற்றது, மாஸ்கோ தெருவில் பெண்கள் அதைத் தைத்துப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். அவர்களுக்கு இது அரூபக் கலை என்று தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தன் துணியை ஒரு கிராமத்துப் பெண் கேட்டு வாங்கியதைப் பார்த்த சந்தோஷத்துக்கு எந்த ஓவியப் பாராட்டும் ஈடாகாது என்று போப்போவா சொன்னதாக அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 400 மீட்டர் கோபுரத்தையும் இந்தச் சீட்டித் துணியையும் தராசில் வைத்தால் என் ஓட்டுத் துணிக்குத்தான்.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. 1924 மே மாதம் போப்போவாவின் சின்ன மகனுக்குச் சிவப்புக் காய்ச்சல் வந்து இறந்துபோனான். சில நாட்களில் அதே காய்ச்சலில் போப்போவாவும் இறந்தார். வயது 35. கணவர் அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார்.

தச்சர் செய்த நாற்காலி

ரஷ்யாவில் புரட்சி நடந்த அதே 1917-ல், போரில் சேராமல் ஒதுங்கி நின்ற ஹாலந்தில் இதே ஆசை வேறு விதமாக முளைத்தது. தேயோ வான் டோஸ்பர்க் என்பவர் லெய்டன் நகரில் "டி ஸ்டைல்" என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். மோண்ட்ரியான் அதில் எழுதினார். படுக்கைக் கோடு, நெட்டுக் கோடு, மூன்று மூல நிறம், கூடக் கறுப்பு வெள்ளை சாம்பல். வேறு எதுவும் தேவையில்லை என்பது கொள்கை. தனி மனிதனின் அகங்காரம்தான் போருக்குக் காரணம், எல்லோருக்கும் பொதுவான சமநிலை வந்தால் ஓவியம் என்று தனியாக ஒன்றே வேண்டாம், ஊரும் வீடும் தெருவுமே ஓவியமாகிவிடும் என்று மோண்ட்ரியான் நம்பினார். அவ்வளவு உயர்ந்த சமநிலை பேசியவர்கள் பிறகு சாய்கோடு போடலாமா கூடாதா என்று சண்டை போட்டுப் பிரிந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம்ம ஊர்ச் சங்கங்கள் பரவாயில்லை!

இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தவர் கெரிட் ரீட்வெல்ட். தச்சர் மகன், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு அப்பா பட்டறையில் உளி பிடித்தவர். 1918 வாக்கில் அவர் ஒரு நாற்காலி செய்தார். பீச் மரத்தில் ஒரே அளவாக அறுத்த ரீப்பர்கள், உட்கார ஒரு பலகை, சாய ஒரு பலகை. வழக்கமாக நாற்காலியில் ஒரு கட்டை இன்னொரு கட்டைக்குள் போய் முடியும். இதில் கட்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு தாண்டிப் போகும், உள்ளே மர ஆணி வைத்துப் பிடித்திருக்கும். எந்தக் கட்டை எதைத் தாங்குகிறது என்று ஒளிவுமறைவு இல்லாமல் தெரியும். 1923 வாக்கில் அதற்குச் சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு அடித்தார். கெட்டிக்காரத் தச்சன்தான் வேண்டும் என்றில்லை, மெஷினில் அறுத்து யாரும் பூட்டலாம் என்பது எண்ணம். உட்கார்ந்தால் சுகமாக இருக்குமா? இருக்காது. அதை மறைத்துப் பயனில்லை.

1924-ல் உட்ரெக்ட் நகரில் மூன்று குழந்தைகளோடு இருந்த ஸ்ரோடர் என்ற விதவைப் பெண்ணுக்கு ரீட்வெல்ட் ஒரு வீடு கட்டினார். அந்த அம்மாவும் சேர்ந்துதான் வடிவமைத்தார். மாடியில் நிலையான சுவரே இல்லை. காலையில் ஒரே கூடம், இரவில் தள்ளு பலகைகளை இழுத்தால் தனித்தனி அறைகள். நகராட்சி விதிப்படி இப்படி அறை அனுமதிக்க மாட்டார்கள் என்பதால் பிளானில் மாடியை வெறும் பரண் என்று போட்டு அனுமதி வாங்கினார்கள். சிவில் நண்பர்கள் சிரிப்பது கேட்கிறது! பார்த்தால் முழுக்கக் கான்கிரீட் மாதிரி இருக்கும். உண்மையில் பெரும்பகுதி செங்கல் சுவருக்கு மேல் பூச்சு. கான்கிரீட்டுக்கு அவ்வளவு செலவு செய்ய முடியவில்லை. அந்த அம்மா 1985-ல் சாகும்வரை அதே வீட்டில் வாழ்ந்தார். 2000-ல் அது உலக பாரம்பரியச் சின்னமானது. 1934 வாக்கில், உலகமே பொருளாதார மந்தத்தில் தவித்தபோது, சாமான் பெட்டி செய்யும் மட்டமான பலகையில் ரீட்வெல்ட் நாற்காலி செய்தார். வாங்குகிறவர் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தானே பூட்டிக்கொள்ள வேண்டும். அந்தச் சிவப்பு நீல நாற்காலியின் ஆசை நிஜமானது இந்தப் பெட்டிப் பலகையில்தான்.

ஒரு பட்டறைக்கு இரண்டு ஆசிரியர்கள்

ரஷ்யாவின் கல்லூரியும் ஹாலந்தின் பத்திரிகையும் சொன்னதை ஒரு பாடத்திட்டமாகவே நடத்திக்காட்டியது ஜெர்மனியின் பௌஹவுஸ். வால்டர் குரோப்பியஸ் 1919-ல் வைமர் நகரில் தொடங்கியது. இது பற்றி எல்லாரும் நிறைய எழுதிவிட்டார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். அதன் ஆரம்ப கால ஏற்பாடு நமக்கு உடனே புரியும்: ஒவ்வொரு பட்டறைக்கும் இரண்டு ஆசிரியர். ஒருவர் வடிவம் சொல்லிக்கொடுக்கும் கலைஞர், இன்னொருவர் கைத்தொழில் தெரிந்த மேஸ்திரி. நம்மிடம் லெக்சரர், ஒர்க் ஷாப் இன்ஸ்ட்ரக்டர் என்று இருக்கிறார்களே, அது மாதிரி. அங்கேயும் கலைஞருக்குத்தான் மரியாதை, மேஸ்திரிக்குச் சம்பளமும் குறைவு, குரலும் குறைவு என்று குமுறல் இருந்தது. 1922-ல் கண்டின்ஸ்கி அங்கே ஆசிரியரானார். அதே வருட டிசம்பரில் அவருடையதும் மற்ற பௌஹவுஸ் ஓவியர்களுடையதுமான படங்கள் கல்கத்தாவுக்கு வந்து காட்சிக்கு வைக்கப்பட்டன என்பது பலருக்குத் தெரியாது.

மார்சல் பிராயர் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பார்த்துவிட்டு 1925-ல் இரும்புக் குழாயை வளைத்து நாற்காலி செய்தார். மரியானே பிராண்ட் உலோகப் பட்டறைக்குள் நுழைந்தபோது, பெண்ணுக்கு இங்கே என்ன வேலை என்று சலிப்பூட்டும் தட்டல் வேலையாகக் கொடுத்தார்கள். சளைக்காமல் தட்டிக்கொண்டிருந்த அவரே பின்னால் அந்தப் பட்டறைக்குத் தலைமை வகித்தார், அவர் பங்குகொண்டு வடிவமைத்த மேஜை விளக்கு தொழிற்சாலையில் பெருவாரியாக உற்பத்தியானது. சமத்துவம் பேசிய பள்ளியில் பெரும்பாலான பெண்களை நெசவுப் பட்டறைக்கே தள்ளினார்கள் என்பது அதன் கரும்புள்ளி. 1928-ல் இரண்டாவது இயக்குநராக வந்த ஹானஸ் மேயர், ஆடம்பரத் தேவை அல்ல, ஜனங்களின் தேவைதான் முக்கியம் என்றார். அவர் காலத்தில் போட்ட மலிவான சுவர்க் காகிதம்தான் பௌஹவுஸ் பொருட்களிலேயே அதிகம் விற்றது. 1930-ல் அவரை அரசியல் காரணம் சொல்லி வெளியேற்றினார்கள்.

டெஸ்ஸாவ் நகரின் டோர்ட்டன் பகுதியில் 1926-க்கும் 1928-க்கும் இடையில் குரோப்பியஸ் தொழிலாளர்களுக்கு 314 வீடுகள் கட்டினார். தளத்திலேயே கான்கிரீட் உத்தரங்களும் பொள்ளல் கற்களும் வார்த்து, தண்டவாளம் போட்டுக் கிரேனை ஓட்டி, தொழிற்சாலை மாதிரி வேலை. ஆனால் சில வீடுகளில் ஜன்னலின் அடிமட்டம் உயரம், நாற்காலியில் உட்கார்ந்தால் தெரு தெரியாது. குடிவந்தவர்கள் கொஞ்ச நாளிலேயே சுவரை இடித்து ஜன்னலை மாற்றினார்கள். இதில்தான் இந்த இயக்கங்களின் பலவீனம் எனக்குத் தெரிகிறது. மக்களுக்காக என்றார்கள். மக்களுக்கு என்ன வேண்டும் என்று அந்த மக்களிடம் கேட்டவர்கள் குறைவு. நோட்டுப் புத்தகத்தோடு தெருவுக்கு அனுப்பிய ஸ்தெபானோவா ஒரு விதிவிலக்கு.

இரண்டு பக்கமும் அடி

முடிவு எப்படி வந்தது? ஹிட்லரின் ஆட்கள் இதைப் போல்ஷ்விக் கலை என்றார்கள். 1932-ல் டெஸ்ஸாவ் நகரசபையில் அவர்கள் கை ஓங்கியதும் பௌஹவுஸை மூடினார்கள். பெர்லினுக்குப் போய் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் நடத்தினார்கள். 1933 ஏப்ரலில் போலீஸ் வந்து சீல் வைத்தது, ஜூலையில் ஆசிரியர்களே கலைத்துவிட்டார்கள். 1937-ல் மியூனிக்கில் "சீரழிந்த கலை" என்று பெயர் வைத்து இந்தப் படங்களைக் கேலிக்காகவே கண்காட்சி வைத்தார்கள். சரி, அங்கேதான் போல்ஷ்விக் என்று விரட்டினார்கள், போல்ஷ்விக் நாட்டிலாவது வாழவைத்தார்களா? ஸ்டாலின் காலத்தில் இதையே முதலாளித்துவச் சீரழிவு என்றார்கள்! விகுதெமாஸ் 1930-ல் மூடப்பட்டது. 1932-ல் எல்லாக் கலைக் குழுக்களையும் ஓர் ஆணையால் கலைத்தார்கள். மாலெவிச் 1930-ல் கைதாகி விசாரிக்கப்பட்டார். 1935-ல் இறந்தபோது அவர் தலைமாட்டில் அந்தக் கறுப்புச் சதுரம் இருந்தது. அதற்குப் பின் பல பத்தாண்டுகள் அந்தப் படத்தை அந்த நாட்டில் பொதுமக்களுக்குக் காட்டவே இல்லை. சிவப்புப் போஸ்டர்களால் புரட்சியைப் புகழ்ந்த குஸ்தாவ் க்லூத்சிஸை 1938-ல் சுட்டுக் கொன்றார்கள்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃப்ரீடல் டிக்கர், வியன்னாவில் பிறந்த யூதப் பெண், வைமர் பௌஹவுஸ் மாணவி. படிப்பு முடிந்ததும் வியன்னாவில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் பாலர் பள்ளிக்கு உட்புற வேலைகளும் சாமான்களும் செய்தார், குழந்தைகளே எடுத்து அடுக்கும்படி. 1942 டிசம்பரில் நாஜிகள் அவரையும் கணவரையும் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பினார்கள். கையில் கொண்டுபோகக் கூடிய எடைக்குக் கணக்கு இருந்தது. அந்தக் கணக்குக்குள் அவர் முடிந்தவரை ஓவியச் சாமான்களை எடுத்துப் போனார். முகாமில் பெற்றோரைப் பிரிந்திருந்த குழந்தைகளை உட்கார வைத்து, பௌஹவுஸில் தான் கற்ற அதே பாடத்தை நடத்தினார். கோட்டின் தாளம், வட்டம், நிறத்துக்குப் பக்கத்தில் நிறம், கிழிந்த காகிதத்தை ஒட்டிச் செய்யும் வடிவம். பழைய ஆபீஸ் பாரங்களின் பின்பக்கம்தான் டிராயிங் ஷீட். ஒவ்வொரு தாளிலும் குழந்தையின் பெயரைக் கட்டாயம் எழுத வைத்தார்.

1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ரயிலேற்றினார்கள். அங்கே அவர் கொல்லப்பட்டார். அந்தக் குழந்தைகளிலும் பெரும்பாலோர் தப்பவில்லை. போவதற்கு முன் அவர் சுமார் 4,500 படங்களை இரண்டு சூட்கேஸ்களில் அடுக்கி ஒளித்து வைத்திருந்தார். போர் முடிந்ததும் அவை கிடைத்தன. இப்போது பிராக் நகரின் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, பெயர்களோடு.